காதல் படத்தில் நாங்கள் எங்கே? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் படம் போடுகிறோம். ஒரு வெள்ளைச் சீலை, இரவல் புரொஜெக்டர், பிளாஸ்டிக் கதிரைகள். படம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைப்போம். இந்த வருடம் முழுக்கக் காதல் படங்கள்தான். சிரிக்க வைத்துக்கொண்டே கொஞ்சம் அழவும் வைக்கிற வகை. திரையில் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, வருபவர்கள் என்னவாக வருகிறார்கள் என்று கதைப்பதுதான் நோக்கம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள் வருவதால் பதில்களை ஒருக்கால் எழுதி வைக்கிறேன்.

எந்தப் படத்தைக் காதல் நகைச்சுவைப் படம் என்கிறீர்கள்?

இரண்டு பேர் சேருவார்களா என்பதுதான் கதையாக இருக்க வேண்டும், வழியில் சிரிப்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான். தமிழில் இதற்கு வயது குறைவில்லை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. சிரிப்போடு கொஞ்சம் துயரமும் குடும்பமும் கலந்த படங்களையும் இதற்குள் சேர்த்துக்கொள்கிறோம்.

சனத்துக்கு ஆயிரம் பிரச்சினை. காதல் படத்தில் யார் வருகிறார்கள் என்பதும் ஒரு பிரச்சினையா?

காணி, வேலை, நுண்கடன், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள். இவற்றுக்கு முன்னால் படம் சின்ன விஷயம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் காதலை எங்கே பழகினோம் என்று யோசித்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கிச் சினிமாப் பாட்டுக் கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. எங்கேயாவது ஜெனரேற்றர் வைத்து வீடியோ டெக்கில் படம் போட்டால் இரண்டு மைல் நடந்து போனோம். கடிதத்தில் என்ன எழுதுவது, எந்த நேரத்தில் திரும்பிப் பார்ப்பது, 'இல்லை' என்பதை எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் முதல் வாத்தியார் படம்தான்.

அந்தப் படங்களில் காதலிக்கிறவளுக்கு வெள்ளைத் தோல். காதலிக்கிறவனுக்கு இரண்டு காலும் இருக்கும். வீடு இருக்கும், அந்த வீட்டில் தகப்பன் இருப்பார். இது இல்லாதவர்களுக்குக் காதல் கிடையாது என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. இத்தனை வருடமாகக் காட்டாமல் விட்டதே சொன்ன மாதிரித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களைப் பற்றிய படம் என்றால் குண்டு விழும், சனம் ஓடும், தாய் அழுவாள். அது உண்மை, காட்டத்தான் வேண்டும். ஆனால் அது மட்டுமே போய்ச் சேரும்போது, நாங்கள் எப்படிச் செத்தோம் என்பது தெரிந்த உலகத்துக்கு நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பது தெரியாமல் போகிறது. பங்கருக்குள்ளும் பகிடி விட்ட சனம் நாங்கள். முறிகண்டியில் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சுருள் கச்சான் (நிலக்கடலை) வாங்கிக் கொடுத்துத் தொடங்கிய காதல்கள் எத்தனை! அதற்கு இன்னும் ஒரு படம் வரவில்லை.

ஏன், ஈழத்தமிழர் வந்த படங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. மூன்றை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் மூன்றையும் நாங்கள் போட்டுப் பார்த்தோம்.

'தெனாலி' (2000). கே.எஸ். ரவிக்குமார் இயக்கியது. கமல்ஹாசன் எங்கள் தமிழைப் பேசிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஓர் ஈழத்தமிழனாக வருவார். மனநல மருத்துவரின் தங்கையாக வரும் ஜோதிகா அவரைக் காதலிப்பார். முழுக்க நகைச்சுவை, கதாநாயகன் எங்கள் ஆள். அது பெரிய விஷயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இங்கே பட்ட பாட்டிலிருந்து. எங்கள் மண்டபத்தில் படம் ஓடும்போது சின்னப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் பாதி இடத்தில் சிரித்தார்கள், பாதி இடத்தில் பேசாமல் இருந்தார்கள். ஹெலிச் சத்தத்துக்கு இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே போகிற ஆளை அவர்களுக்குத் தெரியும். என் அபிப்பிராயம் இதுதான்: அந்தப் படம் எங்களை நேசிக்கிறது, ஆனால் எங்கள் காயத்தைத்தான் பகிடியாக்குகிறது. இரண்டும் ஒரே படத்தில் இருக்கலாம்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). இது காதல் நகைச்சுவை இல்லை. ஆனால் தொடக்கம் மாங்குளத்தில், ஒரு கலியாணத்தோடு. எங்கள் ஏ-9 வீதி மாங்குளம்! பொம்பிளை நந்திதா தாஸ், மாப்பிள்ளை ஜே.டி. சக்ரவர்த்தி. இருவரும் ஈழத்தவர் இல்லை, படம் எடுத்த இடமும் மாங்குளம் இல்லை. புதுத் தம்பதியின் சந்தோஷம் சில நிமிடம்தான். உடனே ஆமி வருகிறது, புருஷன் காட்டுக்குள் ஓடுகிறான். பெரிய திரையில் வன்னியின் காதலுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). அபிஷன் ஜீவிந்த் இயக்கம். பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் போய், சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பம். இங்கே மண்டபம் நிறைந்த படம் இது. சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பெண்சாதியாகச் செல்லச் சண்டை பிடிக்கிற இடங்களில் எங்கள் சனம் தங்கள் வீட்டைக் கண்டார்கள். அவர்கள் வெருளவும் இல்லை, சும்மா அழுதுகொண்டு இருக்கவும் இல்லை. தெருவில் உள்ள எல்லோருக்கும் உதவி செய்துகொண்டு பகிடியாக வாழ்கிறார்கள். 2002இல் மாங்குளத்துப் பிள்ளையை வளர்த்த இந்தியத் தாயாக நடித்த அதே சிம்ரன்தான் 2025இல் ஈழத்துத் தாய். இடையில் இருபத்துமூன்று வருடம். இருந்தும், பிரதான வேடங்களில் எங்கள் ஊர் முகம் இல்லை.

நடிகர் எந்த ஊராக இருந்தால் என்ன, நல்லாக நடித்தால் போதாதா?

நடிப்பு என்றால் இன்னொருவராக மாறுவதுதான், சரி. ஆனால் கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. அவர்கள் எங்களாக நடிக்கலாம். நாங்கள் அவர்களாக நடிக்க, ஏன் நாங்களாகவே நடிக்க, வாய்ப்புக் குறைவு.

மறுபக்கம் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவில் ஓர் உதாரணம். மைத்ரேயி ராமகிருஷ்ணன், அகதிகளாகப் போன ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடருக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 15,000 பேரில் இருந்து தெரிவானவர். பள்ளிக்கூடப் பெட்டை, காதல், கோபம், செத்துப்போன தகப்பனை நினைத்து வரும் அழுகை எல்லாம் கலந்த கதை. அதில் அவர் நடித்தது இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையாக. யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

அதே வருடம் வந்த 'ஃபன்னி போய்' வேறு மாதிரி. ஷியாம் செல்வதுரையின் நாவல், தீபா மேத்தாவின் படம். 1983 வரையான கொழும்பில் வளரும், ஆணை நேசிக்கும் ஒரு தமிழ்ப் பையனின் கதை. முக்கிய வேடங்களில் தமிழர் போதவில்லை, பேசிய தமிழ் தமிழாகவே இல்லை என்று கனடாத் தமிழர் பலர் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம். இனத்துக்காக அடிபட்ட சனத்தின் கதையில் அந்தச் சனத்தின் மொழியே சிதைந்து கேட்டால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

எங்கள் பேச்சைக் கேட்டாலே இந்தியாவில் சிரிக்கிறார்கள். அது அவமானம்தானே?

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பேசுகிற ஆளின் கெட்டித்தனத்துக்குச் சிரித்தால் அது பகிடி. பேச்சின் ஓசைக்கே சிரித்தால் அது நக்கல்.

இதை எங்கள் நாட்டில் அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். இலங்கை வானொலியில் புகழ்பெற்று 1976இல் 'கோமாளிகள்' என்று படமாக வந்த நகைச்சுவை நாடகத்தை வயதானவர்களிடம் கேளுங்கள். முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக ராம்தாஸ், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ராஜகோபால், சிங்களவர் பேசுகிற தமிழ் பேசும் உபாலியாக செல்வசேகரன். ஆளுக்கொரு பேச்சு, ஆனால் சிரிப்பு யாரோ ஒருவர் தலையில் மட்டும் விழவில்லை. கடைசி வரைக்கும் அந்தப் பாத்திரத்தின் பெயர்களே அவர்களுக்குப் பட்டமாகின.

'ஈழத்தமிழ்' என்று சினிமாவில் வருவது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சு என்பதையும் கவனியுங்கள். வன்னியில் ஒரு சந்தைக்குள் நின்று காது கொடுத்தால் முல்லைத்தீவுக் கரைப் பேச்சு, மன்னார்ப் பேச்சு, மலையகப் பேச்சு, இடம்பெயர்ந்து வந்து இங்கேயே நின்றுவிட்ட யாழ்ப்பாணத்துப் பேச்சு எல்லாம் கேட்கும். 'பெட்டை' என்றால் எங்களுக்குச் சும்மா பெண்பிள்ளை. தமிழ்நாட்டில் அப்படிச் சொன்னால் அடி விழலாம். இதை வைத்தே ஒரு முழுக் காதல் படம் எழுதலாமே.

இங்கே ஒரு காலத்தில் தமிழ்ப் படம் எடுத்தார்கள் என்கிறார்களே, அவற்றில் காதல் உண்டா?

உண்டு. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) மூன்றையும் தேடிப் பாருங்கள். 'பொன்மணி'யை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் காதலையும் அவர் பார்த்த கூர்மை இன்றைக்கும் சுடும். 'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவல், கடற்றொழிலாளர் நடுவே நடக்கும் காதல். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் முகம் திரையில் தெரியத் தொடங்கிய நேரம் அது. 1983க்குப் பிறகு எல்லாம் குலைந்தது.

சாதி பற்றிக் காதல் படத்தில் எதற்கு? அதற்கு வேறு படங்கள் இருக்கின்றனவே?

வேறு படங்களில் அந்தக் காதல் பெரும்பாலும் ரயில் பாதையில் பிணமாக முடிகிறது. அதனால்தான் பா. ரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி' (2012) எனக்குப் பிடிக்கும். சென்னைக்கு வெளியே ஒரு தலித் குடியிருப்பு. தினேஷ் பஸ்ஸில் காண்கிற பெட்டையை எல்லாம் காதலித்து, எல்லாவற்றிலும் தோற்று, திரும்பவும் காதலிக்கிறான். யாரும் அவனைக் கொளுத்தவில்லை, வெட்டவில்லை. மற்றப் பெடியள் மாதிரி மொக்குத்தனமாகக் காதலிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

இங்கே நாங்கள் திறந்து கதைக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு மலையகத்தில் இருந்து வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். நாங்கள் சாப்பிடுகிற நெல்லில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. போரில் பட்டதும் எல்லோரோடும் சேர்ந்துதான். ஆனால் கலியாணப் பேச்சு வந்தவுடன் கேள்வி வரும்: "பூர்வீகம் எங்கே?" வன்னியில் பிறந்த பிள்ளையிடம், அதன் தாய் தகப்பனும் பிறந்த ஊரில் வைத்துக் கேட்கிற கேள்வி. அப்புறம் வாயில் எடுக்கக் கூடாத ஒரு சொல் வரும். தர்மபுரத்து மலையகக் குடும்பத்துப் பெடியனும் முள்ளியவளைப் பெட்டையும், நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லுகிற தரகரும். சிரிப்புக்கும் பஞ்சமில்லை, நியாயத்துக்கும் பஞ்சமில்லை. யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குவேன்.

காலில்லாத, கண்ணில்லாத ஆட்களைக் காதல் படத்தில் காட்டினால் அது இரக்கம் தேடுவதாகாதா?

எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. 'மொழி' (2007) படத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள். ராதாமோகன் இயக்கம். ஜோதிகாவின் அர்ச்சனாவுக்குக் காது கேட்காது, வாய் பேசாது. ஆனால் கோபம் உண்டு, ரோசம் உண்டு, தொழில் உண்டு. பிருத்விராஜ் அவளுக்கு உதவி செய்து காதலை வாங்க முடியாது. அவளுடைய மொழியை அவன்தான் படிக்க வேண்டும். அவள் முதலில் 'இல்லை' என்றுதான் சொல்கிறாள்.

அந்தப் படம் முடிந்த இரவு, செயற்கைக் கால் போட்ட ஒரு தம்பி எழும்பிச் சொன்னது: "அண்ணை, எனக்குப் பொம்பிளை பாக்க வாற ஆக்கள் என்ர காலைத்தான் பாக்கினம். இந்தப் படத்திலதான் முகத்தைப் பாத்தவை." அதற்கு மேல் நான் என்ன விளக்குவது? குறை ஒன்று உண்டு: ஜோதிகா கேட்கும் திறன் உள்ளவர். 2021இல் வந்த 'கோடா' என்ற அமெரிக்கப் படத்தில் காது கேளாதவர் வேடங்களில் காது கேளாதவர்களே நடித்தார்கள். அதற்காக டிரோய் கொட்சூர் ஒஸ்கார் வாங்கினார். அப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது.

'மொழி'யில் இன்னொருவர் வருவார். எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர். 1984இலேயே நின்றுவிட்ட மனிதர். அந்த வருடத்துச் செய்திகளை இன்றைய செய்தியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம். பிறகுதான் தெரியும், அந்த வருடம் அவருடைய மகன் இறந்துபோனான், அவர் இன்னும் அழவில்லை என்று. அந்த இடத்தில் எங்கள் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. 2009 மே மாதத்திலேயே நிற்கிறவர்கள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளின் படத்தோடு இருந்த அம்மாக்களை நாங்கள் தினமும் கடந்து போனோம். இவ்வளவு பாரத்தை ஒரு சிரிப்புப் படம் தாங்கியது. 'தெனாலி'யில் எனக்கு உறுத்தியது இங்கே ஏன் உறுத்தவில்லை என்றால், இந்தப் படம் சிரிக்க வைத்த பிறகு அந்த மனிதரைக் கைவிடவில்லை.

புருஷனை இழந்த பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் காதலா? ஊர் ஏற்குமா?

அதே 'மொழி'யில் பிரகாஷ்ராஜ் விரும்புகிற ஷீலா ஒரு விதவைதான். தனுஷ் இயக்கிய 'ப. பாண்டி'யில் (2017) பேரப்பிள்ளை கண்ட ராஜ்கிரண் தன் பழைய காதலியைத் தேடி மோட்டார் சைக்கிளில் போவார். ஊர் சிரித்துக்கொண்டே பார்த்தது.

தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியில் ஆயிரக்கணக்கில். முப்பது வயதில் புருஷனை இழந்து, தோட்டமும் கடையும் காமென்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலையுமாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். அவர்கள் ஒரு ஆணோடு சிரித்துக் கதைத்தாலே ஊர் கதைக்கிறது. ஏற்குமா என்று ஊரைக் கேட்பதை விட அந்த அக்காமாரைக் கேளுங்கள்.

திருநங்கைகள், ஒரே பாலினக் காதல் பற்றியும் போடுவீர்களா?

போடுவோம், போட்டும் இருக்கிறோம். 'நட்சத்திரம் நகர்கிறது' (2022), பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதையான 'காதல் என்பது பொதுவுடைமை' (2025) இரண்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். 'பேரன்பு' படத்தில் திருநங்கையாக நடித்த அஞ்சலி அமீர் ஒரு திருநங்கையே. திருநங்கைகளைக் கேலி செய்ய ஆண்கள் குரல் மாற்றி ஆடிய காலத்தில் இருந்து இது எவ்வளவு தூரம்!

ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் காலத்தில் இருந்து தொடர்கின்றன. அதனால் எங்கள் கூட்டத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும்படி நாங்கள் யாரையும் கேட்பதில்லை. படத்தைப் பற்றிக் கதைத்தால் போதும். யாராவது கேலி செய்தால் அன்றைக்கு அவர் வெளியே போக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

முஸ்லிம், சிங்களப் பாத்திரங்கள்?

இந்து-கிறிஸ்தவக் காதலுக்கு 'காதலுக்கு மரியாதை' (1997) இருக்கிறது. மடு மாதா கோவிலுக்கும் வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கும் சேர்ந்து போகிற எங்களுக்கு அது அவ்வளவு புதினமில்லை. முஸ்லிம்கள் என்று வரும்போது எங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், எங்கள் முல்லைத்தீவில் இருந்தும் மன்னாரில் இருந்தும்கூட. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் இப்போது ரியூசனுக்குப் போகிறார்கள். நாங்கள் எடுக்கிற படத்தில் அவர்கள் பிரியாணிக் கடைக்காரராக மட்டும் வந்தால் அது எங்கள் பிழை.

தமிழ்-சிங்களக் காதலை நான் பார்த்த படங்கள் துயரமாகத்தான் முடிகின்றன. அதில் சிரிப்பு வர இன்னும் காலம் எடுக்கும் என்று நினைக்கிறேன். அவசரப்படுத்த விருப்பமில்லை.

நானும் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறேன். எங்கே தொடங்குவது?

போன் போதும். வீட்டில் பேசுகிற மாதிரியே பேச விடுங்கள். இந்தியாவில் விளங்காது என்று மாற்றாதீர்கள், விளங்காவிட்டால் கீழே எழுத்துப் போடலாம். நிறத்துக்குப் பவுடர் பூசாதீர்கள். மாற்றுத்திறனாளி பாத்திரம் என்றால் முதலில் மாற்றுத்திறனாளி ஒருவரிடம் போய்க் கேளுங்கள். நடிக்க மாட்டேன் என்றால் கதையையாவது திருத்தித் தருவார். பகிடி எழுதியவுடன், அந்தப் பகிடி யாரைப் பற்றியதோ அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்தால் வைப்பதா வெட்டுவதா என்று தெரிந்துவிடும்.

போன மாதம் இரண்டு பெட்டையள் எட்டு நிமிடப் படம் ஒன்று கொண்டுவந்தார்கள். இரணைமடுக் குளக்கட்டில் எடுத்தது. ஓட்டோ ஓட்டுகிற ஒரு அக்காவும், குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரும். அவருக்கு ஒரு கை இல்லை. மீன் வாங்குகிற சாட்டில் அவள் தினமும் வருகிறாள், வீட்டில் தாய் "இனி என்னால மீன் தின்னேலாது" என்று கத்துகிறாள். ஒலி சரியில்லை, காற்று இரைகிறது. ஆனால் மண்டபம் சிரித்த சிரிப்பில் கடைசி இரண்டு வசனம் கேட்கவே இல்லை. அதை அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போடுகிறோம், பின்னேரம் ஆறு மணிக்கு.